கோழிக்கால் கல்

விடியற்காலைத் தப்புச் சத்தத்துக்குக் கொடிமலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான மேட்டு லயம் இருமிக்கொண்டு எழுந்தது. எல்கடுவைப் பக்கத்துப் பனி அப்படி. வாயைத் திறந்தால் முதலில் புகை வரும், அப்புறம் இருமல் வரும், கடைசியாகத்தான் பேச்சு வரும். நல்லையாவுக்கு மட்டும் இந்த வரிசை தலைகீழ். அவன் கண் திறக்கும் முன்பே பேசத் தொடங்கிவிடுவான் என்று அவன் பெண்சாதி பேச்சியம்மா சொல்வாள். லயத்துக்கு வந்த வினை அந்த வாயால்தான் வந்தது என்பதால், அவள் சொன்னதை நாமும் மனதில் வைத்துக்கொள்வோம்.

பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். கொழுந்துக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், மூன்றாவது கூட்டம் கோட்டைக்கு. இந்தத் தைப்பொங்கலுக்குப் பிறகு இதுதான் நடைமுறை. தோட்டத்துத் துரை தன் ஆட்களில் கல் தூக்கத் தோள் உள்ளவர்களைப் பொறுக்கி, கோட்டை வேலையைக் கொந்தராத்து எடுத்த மாத்தளைத் தர்மராஜா முதலாளிக்கு இரவல் கொடுத்திருந்தார், கல்யாண வீட்டுக்கு அண்டா இரவல் கொடுப்பதுபோல. அண்டாவையாவது கழுவித் திருப்பிக் கொடுப்பார்கள்.

கோட்டை என்றதும் அகழியும் மதிலும் பீரங்கியுமாக யாரும் கற்பனை பண்ண வேண்டாம். தோட்டத்து உச்சியில் ஒரு வாசல் வளைவு. அதன் இரண்டு பக்கமும் இடுப்பளவுக்கு முறிந்துபோன சுவர். நடுவில் மானாப்புல். அவ்வளவுதான். கண்டிச் சீமையைப் பிடித்த வெள்ளைக்காரன் கட்டி, கொஞ்ச காலம் துவக்கோடு உட்கார்ந்திருந்துவிட்டு, அட்டைக் கடி தாளாமல் இறங்கிப் போனான் என்பது லயத்து வரலாறு. போவதற்கு முன்னால் அவன் எந்த ஊர் ஆட்களைச் சுட்டானோ, அந்த ஊர்களின் மாகாண அரசாங்கம்தான் இப்போது அந்த வாசலுக்குப் பணம் ஒதுக்கியிருந்தது. படைவீரச் சின்னமாம். சுட்டவனுடைய சுவரைச் சுடுபட்டவனுடைய பேரன் வரி கட்டிப் பூசி மெழுகுவதில் என்ன வீரம் இருக்கிறதென்று படித்தவர்களுக்குத்தான் வெளிச்சம்.

பணம் வந்ததற்கு அடையாளமாக முதலில் ஒரு பலகை வந்தது, அமைச்சருடைய படத்தோடு. கோட்டையைவிடப் பலகை உயரம். மலைக் காற்றில் அது சாய்ந்துவிடாமல் முட்டுக் கொடுக்கக் கோட்டைச் சுவரிலிருந்தே இரண்டு கல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது.

அதற்கு முந்தின மழைக்குத்தான் மேட்டு லயத்து ஆட்கள் தகரம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்தது. கோட்டைக்குக் கூரையே கிடையாது. இல்லாத கூரைக்குக் காசு இருந்தது, ஒழுகுகிற கூரைக்கு இல்லை.

ஓடைப் பக்கம் உடைத்த கருங்கல்லை உச்சிக்கு ஏற்றுவது வேலை. கல்லைக் கயிற்றால் வரிந்து, கழியில் கோத்து, முன்னால் தோள் கொடுக்க ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம். பனி ஊறிய மண்ணில் பெருவிரலை ஊன்றினால்தான் பிடி. கழி உரசுகிற இடத்தில் தோள் முதலில் சிவக்கும், பிறகு நீர் கோக்கும், பிறகு காய்த்துப் போகும். காய்த்த தோளைக் கண்டால் முதலாளிக்குத் தனிப் பிரியம். அட்டை கணுக்காலில் ஏறி நாவற்பழமாக உப்பித் தொங்கும். பிடுங்கக் கை ஒழியாது.

"குடிச்சிட்டுப் போகட்டும் விடு. நம்மகிட்டயும் எடுக்கிறதுக்கு ஏதோ இருக்குன்னு அதுக்காவது தோணுதே" என்பான் நல்லையா.

அவனோடு ஒரே கழியில் தோள் கொடுத்தவன் கீழ்க் கிராமத்துச் சுமனபால. சிங்களவன், வயல் காய்ந்ததால் கூலிக்கு ஏறி வந்தவன். நல்லையாவின் பகிடி அவனுக்குப் பாதிதான் புரியும், முழுசாகச் சிரிப்பான். மேலே சுவர் வைக்கிறவர் மாத்தளைப் புஹாரி பாஸ். தொப்பியும் மேசன் கரண்டியுமாக நின்று, சிரிக்கக் கூடாது என்று பிடிவாதமாக முகத்தை வைத்திருப்பார். தாடி மட்டும் ஆடும். மழை வந்து வேலை நின்றால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. கல் உருண்டால் அரைப்பேர். முதலாளிக்குத் தும்மல் வந்தாலும் அரைப்பேர் என்று நல்லையா சொல்லுவான். அது முழுப் பொய்யும் அல்ல.

ஜெயரட்ணம் ஐயா வந்த அன்றுதான் சனி பிடித்தது. பழஞ்சின்னங்களைப் பார்க்கிற உத்தியோகத்தர், வடக்குப் பக்கத்தவர். நல்ல மனிதர், அதாவது, யாருக்கும் கெட்டது நினைக்காதவர், யாருக்கும் நல்லது செய்யத் துணியாதவர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் புதுக் கல் செல்லாது என்றார். அந்தக் காலத்துக் கல்லே வேண்டுமாம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று காட்ட, வளைவின் அடியில் இருந்த கல்லின் பாசியைச் சுரண்டினார். மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடி நின்றன. அம்புக் குறி, அரச முத்திரை என்று பக்தியோடு தடவினார். இந்த முத்திரைக் கற்கள் நிறைய இருந்திருக்க வேண்டும், எங்கே போயின என்றுதான் தெரியவில்லை என்று பெருமூச்சு விட்டார்.

தோளில் கழியோடு நின்ற நல்லையாவுக்கு வாய் நமநமத்தது. பேச்சியம்மா பக்கத்தில் இருந்திருந்தால் காலை மிதித்திருப்பாள். அவள் கீழ் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அது அம்பு இல்லீங்கய்யா, கோழிக்கால். எங்க லயம் பூரா கிடக்குங்க. நான் தலமாடு வச்சுப் படுக்கிற கல்லுலயே ரெண்டு இருக்கு."

அப்புறம் அவனே முன்னால் நடந்து எல்லாவற்றையும் காட்டினான். இஸ்தோப்புத் திண்ணையின் படி, காம்பரா அறைகளின் அடிச்சுவர், பேச்சியம்மா துணி துவைக்கிற கல். லயம் கட்டின வெள்ளைக்காரத் துரை கல் உடைக்கிற செலவை மிச்சம் பிடிக்கப் பாழடைந்த கோட்டையிலிருந்தே பெயர்த்து இறக்கியிருக்கிறான். இறக்கிய தோள்கள் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை. பாட்டன் இறக்கின கல்லைப் பேரன் ஏற்ற வேண்டிவரும் என்று அப்போது நல்லையாவுக்குத் தோன்றவில்லை. ஜெயரட்ணம் ஐயா சின்னப் பிள்ளைபோல மகிழ்ந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் பையிலிருந்து ஒரு மாரி பிஸ்கட் பக்கற்றும் கொடுத்தார். அரசாங்கத்துக் கை ஒன்று தன் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்பதால், நல்லையா அன்றைக்கு அந்தக் கையால் அட்டையைக்கூடப் பிடுங்கவில்லை.

அடுத்த கிழமை லயத்துக் கற்களில் வெள்ளைப் பெயின்டால் இலக்கம் போட்டார்கள். அதற்கு அடுத்த நாள் தர்மராஜா முதலாளி வந்து, இஸ்தோப்பில் செருப்போடு ஏறி நின்று, விஷயத்தைச் சொன்னார். அமைச்சருடைய சோதிடர் திறப்பு விழாவுக்கு மாசிப் பௌர்ணமிக்கு முன்னால் ஒரு நல்ல நேரம் பார்த்துவிட்டார். அதற்குள் வாசல் நிமிர வேண்டும். ஆகவே லயத்து அடிச்சுவரைப் பெயர்க்க வேண்டும். துரை ஒத்துக்கொண்டுவிட்டார். குடும்பங்கள் கொஞ்ச நாளைக்குப் பழைய மாட்டுப் பட்டியில் இருக்கலாம். பெயர்க்கிற வேலையை வெளியாருக்குக் கொடுக்காமல் லயத்து ஆட்களுக்கே தருகிறார், அதுவும் முழுப்பேருக்கு. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அன்னதானம் போடுகிறவனின் களை இருந்தது.

நல்லையாவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து, நிறைமாத வயிற்றோடு காம்பரா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாட்டுப் பட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் ஒரு கையைச் சுவரில் ஊன்றியதை நல்லையா பார்த்தான்.

"கல்லை எடுத்துட்டு அந்த எடத்துல எதைங்க வைப்பீங்க?" என்று கேட்டான்.

"அதைப் பிறகு தோட்டம் பார்க்கும்."

"தகரத்தைக் கேட்டப்பவும் அதைத்தாங்க சொன்னாங்க. தோட்டமும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"இந்த லயம் உன்ர வீடே?"

"இல்லீங்க."

"கல்லு உன்ர கல்லே?"

"அது கோட்டைக் கல்லுங்க."

"பிறகென்ன நியாயம் கதைக்கிறாய்? அரசாங்கத்துக் கல்லில இவ்வளவு காலமும் சும்மா தலைவச்சுப் படுத்திருக்கிறியள். அதோட, இடத்தைக் காட்டித் தந்தவனே நீதானே?"

லயம் முழுக்கத் திரும்பி நல்லையாவைப் பார்த்தது. வர வேண்டிய நேரத்தில் வராத வாய், வரக் கூடாத நேரத்தில் வந்திருந்தது.

அன்று சாயந்தரம் பேச்சியம்மா அவனைத் திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசம். பிஸ்கட் பக்கற்றை எடுத்து, தொடப் பிடிக்காததுபோல அடுப்பு மேல் பலகையில் எறிந்தாள். அவ்வளவுதான்.

மறுநாள் நல்லையா வேலைக்குப் போகாமல் பஸ் ஏறி மாத்தளைக்குப் போனான், தொழிற்சங்கத் தலைவரைப் பார்க்க. கண்டியில் குண்டு வெடித்த சூடு ஆறாத நேரம். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி, அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கொடிமலைக்காரனுக்குப் பயங்கரவாதம் செய்ய நேரம் ஏது, பேர் வெட்டிவிடுவார்களே என்று சொல்ல நினைத்து, நினைத்ததோடு விட்டான். தலைவர் அன்போடு வரவேற்றார். விழாவில் தனக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள் என்று பூரிப்போடு சொன்னார். அமைச்சர் வரட்டும், மாலை போடும்போது காதில் ஒரு வார்த்தை போட்டுவைக்கிறேன் என்றார். அதற்குள் லயம் இருக்காதே என்று நல்லையா கேட்டான். தலைவர் அதற்கும் அன்போடு தலையாட்டினார்.

அவன் திரும்பி வந்தபோது பேச்சியம்மா கோழிக்கால் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லிலும் இலக்கம் போட்டிருந்தார்கள். அவள் அந்த இலக்கத்தின் மேலேயே அவன் சட்டையை ஓங்கி அடித்தாள். பிறகு நிமிராமல் கேட்டாள்:

"நாளைக்கழிச்சு மூணாம் பிறை. காமன் கம்பத்தை எங்க ஊணப் போறீங்க?"

"எங்க ஊணுறது? கீழ பொட்டல்லதான். ஏன்?"

"லயத்து வாசல்ல ஊணுனா?"

கொடிமலையில் மாசி பிறந்தால் காமன் கூத்து. கம்பம் நட்டு, ரதியும் மதனும் ஆடி, பௌர்ணமிக்குக் காமனை எரித்து, மூன்றாம் நாள் உயிரோடு எழுப்புவார்கள். அதுவரைக்கும் கம்பத்தைச் சுற்றி வைக்கோற்புரி கட்டின எல்லைக்குள் மண்வெட்டியோ அலவாங்குக் கடப்பாரையோ மண்ணில் படக் கூடாது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் அதை மீறி வடிகால் கான் வெட்டச் சொன்னாராம். அவருடைய குதிரை வயிறு ஊதிச் செத்தது. குதிரை செய்த குற்றம் என்ன என்று யாரும் விசாரித்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தத் துரையும் மீறியதில்லை.

நல்லையாதான் கூத்தில் வருஷா வருஷம் கோமாளி. சாமி காரியத்தில் இப்படித் தந்திரம் பண்ணலாமா என்று அவன்தான் இழுத்தான்.

பேச்சியம்மா சட்டையைப் பிழிந்தாள். "காமன் எப்படி எரிஞ்சான்? சிவன் தவத்தைக் கலைக்கச் சொல்லித் தேவருங்க ஏவுனாங்க. போனான், எரிஞ்சான். ஏவுன ஒருத்தன் மேலயாவது ஒரு பொறி பட்டுச்சா? சொந்த வீட்டை இடிக்கச் சொல்லி நம்மளையே ஏவுறாங்க. நீங்க போய் எரியப் போறீங்களா?"

அன்றைக்கே வேலை விட்டதும் லயம் கூடியது. முழுப்பேர் கிடைக்கிறதே, நாம் எடுக்காவிட்டால் வேறு ஆள் எடுப்பான் என்றான் ஒருவன். இந்த நாளில் எதிர்த்து நின்றால் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றாள் ஒரு தாய். அதில் பொய் இல்லை. நல்லையா எழுந்து, என் வாயால வந்தது, முதல் ஆளா நான் நிற்கிறேன் என்றான். நீங்க மட்டும் நின்றால் போதாது, எல்லாரும் நின்றால்தான் நிற்பதென்று பேர் என்று பேச்சியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். கடைசியில் முழுப்பேர் கேட்டவன்தான் கம்பத்துக்குக் கரும்பு கொண்டுவருகிறேன் என்றான்.

கம்பம் லயத்து வாசலில் எழுந்தது. ஆமணக்கும் கரும்பும் சேர்த்துக் கட்டி, வைக்கோல் சுற்றி, வறட்டி தொங்கவிட்டு. வைக்கோற்புரி லயத்தை முழுசாகச் சுற்றி வந்தது; இத்தனை பெரிய எல்லையைக் காமனே கேட்டிருக்க மாட்டான். கம்பம் நட்டால் லயத்தைச் சாணி போட்டு மெழுகுவது வழக்கம். வழக்கமாகத் தரையைத்தான் மெழுகுவார்கள். இந்த முறை பெண்கள் சுவரையும் மெழுகினார்கள்.

கம்பம் நட்ட மூன்றாம் நாள் காலையில் டிராக்டர் ஏறி வந்தது. முன்னால் தர்மராஜா முதலாளி, பக்கத்தில் ஜெயரட்ணம் ஐயா, பின்னால் அலவாங்கோடு கீழ்க் கிராமத்து ஆட்கள், அவர்களோடு சுமனபால, கல் பார்த்துப் பொறுக்கப் புஹாரி பாஸ். லயத்து ஆட்கள் வைக்கோற்புரிக்கு உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நல்லையா கோமாளி வேஷத்தில் இருந்தான். பாதி முகம் கரி, பாதி முகம் சுண்ணாம்பு.

ஜெயரட்ணம் ஐயா சுவரைப் பார்த்துத் திகைத்துப் போனார். இலக்கங்கள் எங்கே என்று கேட்டார்.

"சாணிக்குள்ள இருக்குங்கய்யா. கையை விட்டுப் பாருங்க" என்றாள் பேச்சியம்மா.

நல்லையாவின் கையைக் குலுக்கின அந்தக் கை கால்சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் முணுமுணுத்தார். எந்த மேலே என்று அவர் சொல்லவில்லை.

முதலாளி கூத்தைப் பொட்டலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். நட்ட கம்பத்தைப் பிடுங்கக் கூடாது என்றார்கள். பேர் வெட்டச் சொல்வேன் என்றார். அதற்கும் அசையவில்லை. அப்போது அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் இப்ப போய் பொலிசுக்கு ஒரு கோல் எடுத்தாக் காணும். கோட்டை வேலையைக் குழப்பப் புலிகளின்ர ஆக்கள் வந்திருக்கினம் எண்டு. வாறவை யார் எவரெண்டு விசாரிச்சே அள்ளுவினம்? இந்தப் பெடியங்கள் திரும்பி வருவாங்களோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

தப்பு வைத்திருந்த பையன்கள் அதைத் தரையில் வைத்தார்கள். ஒரு தாய் தன் மகனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். நல்லையா எழுந்தான், கரி பூசின பக்கம் வியர்த்து வழிந்தது.

அலவாங்கு ஒன்று தரையில் விழுகிற சத்தம் கேட்டது. சுமனபால அதை எல்லைக்கு வெளியே போட்டுவிட்டு, செருப்பையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, வைக்கோற்புரியைத் தாண்டி வந்தான். வந்து நல்லையாவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கழி காய்த்த தோள் இரண்டும் உரசின.

"மமத் கொட்டியெக்த, முதலாலி?" என்று கேட்டான். நானும் புலியா, முதலாளி?

கீழ்க் கிராமத்து ஆட்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவர்களில் ஒரு கிழவர் அலவாங்கை டிராக்டரில் போட்டுவிட்டு, எங்கள் வீட்டுக்கு இலக்கம் போட எத்தனை நாளாகும் என்று சிங்களத்தில் பொதுவாகக் கேட்டார். முதலாளி புஹாரி பாஸைப் பார்த்தார்.

பாஸ் அவசரப்படவில்லை. சாரத்தை உதறிக் கட்டினார். "ஆக்கள் இரிக்கிற ஊட்ட ஒடச்சி ஆளில்லாத ஊட்டக் கட்டச் செல்றீங்க முதலாளி. இந்தக் கைக்கு அது ஏலா."

"என்ன எல்லாரும் கூடி விளையாடுறியளே? எப்ப இந்தக் காமனை எரிப்பியள்?"

"பௌர்ணமிக்குங்க" என்றான் நல்லையா. சோதிடர் குறித்த நல்ல நேரம் அதற்கு முன்பே போய்விடும்.

"பிறகு?"

"மூணாம் நாள் எழுப்பணுங்க."

"அதுக்குப் பிறகு?"

"பங்குனியில மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு" என்றாள் பேச்சியம்மா.

"அது முடிய எங்கட ஹஜ்ஜுப் பெருநாள்" என்றார் புஹாரி பாஸ், தாடி ஆட.

சுமனபாலவும் விடவில்லை. அவுருது, அப்புறம் வெசாக், அப்புறம் பொசொன் என்று விரலை மடக்கினான். இந்த நாட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பண்டிகைக்குப் பஞ்சம் வந்ததில்லை. சட்டையைப் பிடித்திருந்த தாய் சிரித்துவிட்டாள். சிரிப்பு வைக்கோற்புரியைச் சுற்றி ஓடி வந்தது.

நல்லையா மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றான்.

"இதெல்லாம் பகிடிக்குச் சொன்னதுங்க. இப்ப நெசத்துக்குச் சொல்றேன். பண்டிகை எல்லாம் முடிஞ்சாலும் எடுக்க விடமாட்டோம்."

கோமாளி முகம்தான். ஆனாலும் அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. முதலாளி டிராக்டரைத் திருப்பச் சொன்னார். எல்லாருடைய முகத்தையும் ஞாபகம் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் அப்படி வைத்திருப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

எதுவும் முடிந்துவிடவில்லை. பொலிஸ் ஜீப் வரலாம். துரை பேர் வெட்டலாம். அமைச்சர் ஓட்டை வாசலையே நாடா வெட்டித் திறந்துவிட்டு, குற்றத்தை லயத்தின் மேல் போடலாம்.

மறுநாள் இருட்டோடு கீழே தப்புச் சத்தம் நெருங்கி வந்தது. கீழ் வரிசையான பணிய லயத்து ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்தார்கள். எங்கள் லயத்தில் கோழிக்கால் ஒன்றும் கிடையாது, விரத நாளில் கோழியும் ஆகாது, அதனால் பூசணிக்காயோடு வந்தோம் என்று அவர்களில் முன்னால் வந்தவள் சொன்னாள். இரண்டு லயமும் சேர்ந்து தேத்தண்ணி ஊற்றியது. புஹாரி பாஸும் சுமனபாலவும் கம்பத்துக்குத் தள்ளி மூட்டின தீயில் குளிர் காய்ந்தார்கள்.

பேச்சியம்மா அடுப்பு மேல் பலகையிலிருந்து பிஸ்கட் பக்கற்றை எடுத்து ஊதித் தூசி தட்டினாள். மகள் காம்பராவுக்குள் கோழிக்கால் கல்லில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"தேத்தண்ணியில தோச்சுத் தின்னு. அரசாங்கம் குடுத்தது. கேக்காம குடுத்தது இம்புட்டுத்தான், மிச்சத்தை நாமதான் கேக்கணும்."

பிறகு ஒரு பிஸ்கட்டைப் பாதியாக முறித்து நல்லையாவிடம் நீட்டினாள். பக்கற்றை எறிந்த நாளுக்குப் பிறகு அவள் அவனுக்குக் கையால் கொடுத்த முதல் சாமான் அது. அவன் அதை வாயில் போட்டுக்கொண்டான்.

பெரட்டுக் களத்திலிருந்து கணக்கப்பிள்ளையின் குரல் கேட்டது.

"கோட்டைக்கு ஆள்!"

யாரும் எழவில்லை. அவர் இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க, பேர் சொல்லியே கூப்பிட்டார்.

மேட்டு லயமும் பணிய லயமும் ஒன்றாக இருமின. அப்புறம் தப்பு முழங்கியது.